டோனாவூர் சொல்லும் பாடம்

(காரைக்குடியில் காணிக்கையாளர் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரி குருவானவர் அளித்த செய்தி)



வார்டில் ஜெபிக்கப் போனால், "ஐயா, நீங்க எந்தச் சபை?" என்று சிலர் கேட்பார்கள். வாலிப நாட்களில் நாங்களும் இதே கேள்வியால் ஆட்களை அளந்ததுண்டு. அந்த அளவுகோலைக் கீழே வைக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ரேனியஸ் ஐயரின் வாழ்க்கை.

பிரஷ்யா தேசத்தில் 1790-இல் பிறந்த ரேனியஸ், லுத்தரன் குருவானவர். 1814-இல் சென்னைக்கு வந்து, ஆங்கிலத் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கத்தில் ஊழியம் செய்தார். 1820-இல் பாளையங்கோட்டைக்குச் சென்றார். தமிழை ஆழ்ந்து கற்றுப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். இலக்கண நூலும் எழுதினார். விசுவாசத்தினிமித்தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1830-இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார்.

பிறகு சோதனை வந்தது. தம்முடைய உபதேசிமாருக்கு லுத்தரன் முறைப்படி தாமே குருப்பட்டம் கொடுக்க விரும்பினார். பேராயர்தான் கொடுக்க வேண்டும், ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளுக்கு இணங்க வேண்டும் என்றது சங்கம். அந்த ஒழுங்குகளைக் கண்டித்து அவர் எழுதி வெளியிட்டார். 1835-இல் சங்கம் அவரை நீக்கியது. பேசாமல் இருந்திருந்தால் பதவியும் சம்பளமும் நிலைத்திருக்கும். மனச்சாட்சி அவரை விடவில்லை. திருநெல்வேலியை விட்டுப் போனார். உபதேசிமார் பலர் வருந்தி அழைக்கவே, அதே ஆண்டில் திரும்பி வந்து, நண்பர்களின் காணிக்கையை நம்பித் தனியாக ஊழியம் செய்தார்.

இதில் வேதனையும் உண்டு. அவர் வளர்த்த சபைகளே இரண்டுபட்டன. 1838 ஜூன் 5-இல், 47 வயதில், பாளையங்கோட்டையில் காலமானார். அதன்பின் அவரோடு பிரிந்தவர்களில் பெரும்பாலோர் பழைய சங்கத்தோடு இணைந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. எது நிலைத்தது என்றே பார்க்கிறோம்.

பிரஷ்யாவிலிருந்த டோனா பிரபு அனுப்பிய காணிக்கையால், பிளவுக்கு முன்பே ரேனியஸ் ஐயர் ஒரு கிராமத்தில் நிலம் வாங்கி, அதற்கு டோனாவூர் என்று பேரிட்டார். கொடுத்தவர் அந்த மண்ணை மிதித்ததில்லை. வாங்கியவர் சங்கத்தைவிட்டு நீக்கப்பட்டார். ஆனாலும் ஊர் நிலைத்தது. அங்கேதான் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் ஆதரவற்ற பிள்ளைகளைத் தாயாகக் காத்தார். பின்னர் ஓர் ஆஸ்பத்திரியும் எழுந்தது.

செட்டிநாட்டாருக்கு இது புதிதல்ல. கடல் கடந்து சம்பாதித்ததைச் சொந்த ஊரில் பள்ளியாகவும் ஊருணியாகவும் விட்டுச் சென்றவர்களின் பூமி இது. வள்ளல் அழகப்பர் கொடுத்த நிலத்தில் எழுந்த கல்லூரிகளை நாம் தினமும் பார்க்கிறோம்.

பிரியமானவர்களே, நீங்கள் பல சபைகளிலிருந்து கொடுக்கிறீர்கள்; சபையே இல்லாதவர்களும் கொடுக்கிறீர்கள். உங்கள் காணிக்கையில் மருந்து பெறும் ஏழைத்தாய்க்கு உங்கள் பெயர் தெரியாது. அவள் எந்தச் சபை, எந்த மதம் என்று நாங்களும் கேட்பதில்லை. எங்கள் வாக்குவாதங்கள் எங்களோடு போய்விடும். உங்கள் ஈகை நிற்கும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.