சிவப்புக் கோட்டும் சின்னஞ்சிறு கரங்களும்

அண்மையில் தருமபுரிப் பக்கத்து ஊரொன்றுக்குச் சென்றிருந்தேன். நம்பால் பற்று மிக்க நண்பர் ஒருவர் அங்கே புதிதாகத் திருமண மண்டபம் கட்டியிருக்கிறார். வாயிலைக் கடந்ததும் எதிர்ச்சுவரிலே ஆறடி அகலத்துக்கு ஓர் ஓவியம். பொன்முலாம் பூசிய சட்டம். மேலே தனியாக ஒரு விளக்கு!

"அச்சடித்த படமல்ல, அண்ணே! பழைய ஓவியத்தைப் பார்த்துக் கையாலேயே தீட்டியது. எண்ணெய் வண்ணம். தொட்டுப் பாருங்கள், தூரிகைத் தடம் தெரியும்" என்றார். தொட்டேன், தெரிந்தது. "படத்திலே இருப்பவர் யார்?" என்று கேட்டேன். "யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை. குழந்தைகளைக் கைப்பிடித்து வரவேற்கிறார். கலியாண மண்டபத்துக்கு ஏற்ற படம் என்று வாங்கினேன்" என்றார்.

வரவேற்பு! அந்த வரவேற்புக்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா, தோழர்களே? மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய்! அதற்குமேல், மைசூர் அரசிலே பாதி!

1792ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள். சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டு நிற்கிறது காரன்வாலிசின் படை. திப்பு பணிகிறான், பணம் கட்டித் தீரும் வரையில் பிணையாக இரு மைந்தர்களை ஒப்படைக்கச் சம்மதிக்கிறான். மூத்தவன் அப்துல் காலிக்குக்குப் பத்து வயதிருக்கும். இளையவன் மொய்சுதீனுக்கு எட்டு. வெண்மசுலின் அங்கி அணிந்து, யானை மீதேறி, பகைவன் பாசறைக்கு வந்தனர் அந்தப் பாலகர். அதுதான் நண்பர் மண்டபத்திலே தொங்கும் வரவேற்பு!

ராபர்ட் ஹோம் என்னும் ஓவியர் அந்தப் போரிலே கும்பெனிப் படையோடு உடன் இருந்தவர். அவர் தீட்டிய மூல ஓவியம் இலண்டனிலே, தேசியப் படை அருங்காட்சியகத்திலே இருக்கிறது. நான் கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன். ஓவிய இலக்கணம் கற்றவனல்லன். ஆனால் நாடகம் போடுகிறவன். மேடையிலே யாரை நடுவிலே நிறுத்துவது, யாரைக் குனிய வைப்பது, கூட்டத்தை எங்கே ஒதுக்குவது என்பது என் தொழில். அந்தக் கண்ணோடு பார்த்தேன். கையை நீட்டி நிற்கும் காரன்வாலிசு கொள்ளை கொள்ள வந்தவனாகவா தெரிகிறான்? பிள்ளைகளைப் பள்ளியிலே சேர்க்க வந்த பெரியப்பனாகத் தெரிகிறான்! பணமூட்டை எங்கே? காணோம். பங்கு போட்ட நாட்டின் வரைபடம் எங்கே? காணோம். ஓவியரோ, தம் உருவத்தையும் ஓர் ஓரத்திலே தீட்டிக் கொண்டிருக்கிறார், கையிலே படக்கட்டோடு! நாடகாசிரியன் திரைக்குப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பதைப் போல.

ஹோமாவது வந்தவர். மேத்தர் பிரௌன் என்பவர் இந்திய மண்ணையே மிதிக்காதவர். அவரும் இதே காட்சியை இலண்டனிலே இருந்தபடி தீட்டினார். ஓவியங்களைத் தகட்டிலே செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். அந்நாட்டு வரவேற்பறைகளிலே மாட்டினார்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலே காரன்வாலிசு சிலை நிற்கிறதே, அதன் பீடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கேயும் இந்தப் பாலகர்தாம், கல்லிலே!

ஏன் இவ்வளவு ஆர்வம்? இதே காரன்வாலிசு 1781இலே அமெரிக்காவில், யார்க்டவுனில், சரணடைந்தவன். சரணடையும் நேரத்திலே 'உடல் நலமில்லை' என்று வராமல் இருந்துகொண்டு, துணைத் தளபதியை அனுப்பினான். அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்திலே அந்தச் சரணாகதி ஓவியம் இருக்கிறது. தேடினாலும் காரன்வாலிசு அதிலே இல்லை! தோற்ற படத்திலே ஆள் இல்லை; வென்ற படத்திலே நடுநாயகம்!

இன்று இத்தகைய படங்களைப் பார்த்துத் தீட்டித் தருவதே தொழிலான ஊர்கள் உண்டு. சீனத்திலே சென்சென் நகரை ஒட்டிய தாபென் என்னும் சிற்றூர், 1989இலே ஓர் ஓவியர் ஒருசில தொழிலாளிகளோடு வந்து குடியேறியதால் உலகறிந்த ஊராயிற்று. புகைப்படத்தைப் பக்கத்திலே வைத்து, கித்தானிலே கட்டம் போட்டு, கோடிழுத்து, மெல்லிய பூச்சு பூசி, அது உலரக் காத்திருந்து, மறுபூச்சு பூசி, இறுதியிலே மெருகெண்ணெய் தடவி முடிக்கிறான் தொழிலாளி. சிவப்புக் கோட்டின் மடிப்பிலே ஒன்றும் தவறாது. அவன்மீது எனக்கு வருத்தமே இல்லை. கொடுத்த வேலையைச் செம்மையாகச் செய்தவன். காட்சியைத் திருத்தி எழுதியவன் வேறு. அதைப் பிழையின்றிப் படியெடுத்தவன் வேறு.

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். அதன்பின் இன்னொன்றும் சொன்னேன்: "உங்கள் மண்டபம் நிற்கும் இந்த மண் இருக்கிறதே, தருமபுரியும் கிருட்டிணகிரியும் சேலமும் அடங்கிய பாராமகால், இதுவும் அந்த ஒப்பந்தத்திலேதான் கும்பெனி கைக்குப் போயிற்று!"

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "கழற்றி எறிகிறேன்! திப்பு வென்ற படம் இல்லையா? அதை மாட்டுகிறேன்" என்றார்.

இருக்கிறது. 1780இலே காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கும்பெனிப் படையை முறியடித்த காட்சியைத் தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரிலே தீட்டச் செய்தவன் திப்பு. ஆனால் அதுவும் வென்றவன் வரைவித்ததுதான், தோழர்களே! அந்த ஆண்டு ஐதரின் குதிரைப்படை மிதித்துச் சென்ற ஆர்க்காட்டுச் சீமையின் வயல்களை அந்தச் சுவரிலே நான் தேடமாட்டேன்.

"கழற்ற வேண்டாம். கீழே ஒரு பலகை வையுங்கள். பிள்ளைகளின் பெயர், வயது, தொகை, பறிபோன சீமைகள், இவை போதும்" என்றேன். வைத்துவிட்டார்.

சென்ற வாரம் தொலைபேசியிலே கூப்பிட்டார். முதல் திருமணத்துக்கு வந்த மூதாட்டி ஒருவர், பேரனை விட்டுப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். கேட்டு முடித்ததும், "அந்தப் பிள்ளைகள் அப்பனிடம் திரும்பிப் போய்ச் சேர்ந்தார்களா?" என்றாராம். நண்பருக்கு விடை தெரியவில்லை.

"சேர்ந்தார்கள். இரண்டாண்டு கழித்து, 1794இல். ஐந்தே ஆண்டு அப்பனோடு இருந்தார்கள். 1799இலே அவன் மாண்டான், குடும்பத்தையே வேலூர்க் கோட்டையிலே கொண்டுவந்து அடைத்தார்கள்" என்றேன்.

"அதையும் எழுதிவிடட்டுமா, அண்ணே?"

"பலகையிலே இடம் இருக்கிறதா?"

"இல்லை. பெரிய பலகையாக மாற்றச் சொல்லிவிட்டேன்."