குடிதண்ணிக் குழாயின் சாவி யார் கையில்?



நம்ம கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. "பஞ்சாயத்துக் குழாயில வாரத்துக்கு ஒருநாள் வருது, கம்பெனியாச்சும் வரட்டுமே" என்று நம்ம ஆட்களே சிலர் கேட்கிறாங்க. கோபப்பட வேண்டாம். குடம் தூக்கி இடுப்பொடிந்த பெண்கள் கேட்கிற கேள்வி அது. பதில் சொல்ல வேண்டியது நம்ம கடமை.

பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குடிதண்ணி, சாக்கடை இரண்டையும் சேர்த்துத் தனியார் கூட்டில் கட்டின திட்டங்களில் இந்தியாவிலேயே முதலாவது திருப்பூர்த் திட்டம். 1995இல் அதற்கென்றே கம்பெனி தொடங்கினார்கள். 2000இல் 30 வருஷத்துக்கு ஒப்பந்தம். செலவு ஆயிரம் கோடிக்கு மேல். நம்ம பவானி ஆற்றிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் குழாய் போட்டு, தினம் 18.5 கோடி லிட்டர் எடுக்கத் திட்டம். அதில் 12.5 கோடி லிட்டர் சாய ஆலை, சலவை ஆலைகளுக்கு. மீதி 6 கோடிதான் திருப்பூர் நகரத்துக்கும் வழியோரக் கிராமங்களுக்கும். பேரு குடிநீர்த் திட்டம்!

கணக்கு எப்படிப் போட்டாங்க தெரியுமா? ஆலைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். வீட்டுத் தண்ணிக்குச் சுமார் 5 ரூபாய். பணக்காரன் கட்டுவான், ஏழை குடிப்பான், கம்பெனிக்கும் லாபம் என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஏழைக்குக் குறைஞ்ச விலை வேண்டும் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏழை வீட்டுக் குழாயைக் கொண்டுபோய்ச் சாய ஆலையின் பில்லோடு கட்டிவிட்டார்கள்.

அந்தச் சாய ஆலைகள் என்ன செய்தன என்று நொய்யல் கரை விவசாயிகளைக் கேளுங்க. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டினது. அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாப் போச்சு. கிணற்றுத் தண்ணி உப்பாகி, தென்னை காய்ந்து, மாடுகூட வாய் வைக்காத நிலை. அந்த விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது.

நியாயமான தீர்ப்பு. ஆனால் ஆலை நின்ற அன்றே தண்ணிக் கம்பெனியின் பெரிய வரவும் நின்றது. பிறகு ஆலைகள் திறந்தபோது கழிவைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டியதாச்சு. அப்படியானால் வாங்கும் தண்ணி குறையத்தானே செய்யும்? ஆறு சுத்தமானால் கம்பெனிக்கு நட்டம்! இதென்ன ஏற்பாடு? முதலீட்டில் முக்கியப் பங்காளியான ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனமே 2018இல் கடன் கட்ட முடியாமல் விழுந்தது. முப்பது வருஷ ஒப்பந்தம், பதினெட்டாம் வருஷத்தில் முதலாளியே திவால். சாக்கடைத் திட்டமும் நகரத்தின் ஒரு பகுதிக்குத்தான் எட்டியது.

இன்னொரு சங்கதி. திருப்பூர்த் திட்டத்தின் ஆரம்பக் கூட்டணியில் அமெரிக்காவின் பெக்டெல் கம்பெனியும் இருந்தது. அதே பெக்டெலுக்குப் பங்குள்ள கம்பெனிதான் தென்னமெரிக்காவில் பொலிவியா நாட்டின் கொச்சபாம்பா நகரத் தண்ணியை எடுத்தது. 2000 ஜனவரியில் பில் ஏறியது, பலருக்கு இரண்டு மடங்கு. அங்கே முதலில் சாலையை மறித்தது யார் தெரியுமா? நம்மை மாதிரி வாய்க்கால் பாசன விவசாயிகள். தாங்கள் வெட்டின கிணறும் வாய்க்காலும் புதுச் சட்டத்தில் கைவிட்டுப் போகுமென்று 1999 நவம்பரிலேயே இறங்கிவிட்டார்கள். நகரத்து ஜனங்கள் பின்னால் சேர்ந்தார்கள். 17 வயசுப் பையன் ஒருவன் துப்பாக்கிச் சூட்டில் செத்தான். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்து.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கம்பெனி போன பிறகும் அந்த நகரத்தின் தெற்குப் பக்க ஏழைகள் லாரித் தண்ணிதான் வாங்கினார்கள். அவர்கள் தெருவுக்குக் குழாயே போகவில்லை. அதனால் கம்பெனி வேண்டாம் என்று மட்டும் நாம் கோஷம் போட்டால் காலிக் குடம் நிறையாது. பஞ்சாயத்துக் குழாயில் ஏன் வாரம் ஒருநாள் வருகிறது, மோட்டார் ரிப்பேருக்கு ஏன் பணம் இல்லை, மேட்டுத் தெருவுக்கும் காலனிக்கும் ஏன் கடைசியில் திறக்கிறார்கள் என்று அதிகாரியையும் தலைவரையும் சேர்த்தே கேட்கணும். காலனிப் பெண்கள் நம்மோடு வரிசையில் நிற்காத போராட்டம் தோற்கும்.

கீழ்பவானியில் நமக்கு முறை வைத்துத்தான் தண்ணி. நாம் முறைக்குக் காத்துக் கிடக்க, ஆலைக்கு மட்டும் வருஷம் பூரா ஓடணுமா?

ஆகவே, ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வாங்க. ஒப்பந்த நகலைத் தமிழில் சபையில் முழுசாக வாசிக்கச் சொல்லுவோம். எத்தனை லிட்டர், என்ன விலை, விலையை ஏற்ற யாருக்கு அதிகாரம், கம்பெனி விழுந்தால் குழாய் யாருக்கு? இதற்கு எழுத்தில் பதில் வராமல் தீர்மானத்துக்குக் கை தூக்க மாட்டோம். மறுப்புத் தீர்மானத்தைச் சங்கம் எழுதி வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட வரும்போது காலனித் தெருவிலிருந்தும் ஆளைக் கூட்டி வாருங்கள்.