"எந்தத் தெரு?"

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் கிளை நூலகம் ஊர்த்தெருவில் இருந்தது. எங்கள் வீடு காலனியில். ஏழாம் வகுப்பு படிக்கும்போது உறுப்பினராகச் சேரப் போனேன். அங்கிருந்தவர் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்தத் தெரு?" என்றார். சொன்னேன். "வீட்டுக்கெல்லாம் தர முடியாது, இங்கேயே உட்கார்ந்து படி" என்றார். நான்கு ஆண்டுகள் அங்கேயே படித்தேன். டீக்கடை பெஞ்சில் கிடைக்காத இடம் அந்த நூலக பெஞ்சில் எனக்குக் கிடைத்தது. வீட்டுக்கு எடுத்துப்போகப் புத்தகம்தான் கிடைக்கவில்லை.

பிறகு சென்னை. அறையில் நான்கு பேர். அம்பேத்கர் படம் போட்ட அட்டையைப் பார்த்தாலே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேள்வி வரும். நண்பர் ஒருவர் தன் பழைய கிண்டிலைக் கொடுத்தார். அதில் அட்டை வெளியே தெரியாது. பேருந்தில் நின்றுகொண்டே அம்பேத்கரைப் படித்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மின்நூலின் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1917இல் அம்பேத்கர் லண்டனிலிருந்து திரும்பியபோது, வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள் நீர்மூழ்கித் தாக்குதலில் கடலோடு போயின. இன்று அவருடைய ஆங்கிலத் தொகுதிகளை அரசுத் தளத்திலிருந்தே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் காசில்லாமல் கிடைக்கின்றன.

ஆனால் தோழர்களே, அட்டையை மறைத்துப் படிப்பது வசதிதான், விடுதலை அல்ல. காசு கொடுத்து வாங்கிய மின்நூலை, படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுத் தம்பி கையில் கொடுத்துவிட முடியாது. ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கருவி மட்டும் போதாது. மேசை வேண்டும், விளக்கு வேண்டும், விரட்டப்படாமல் மாலை முழுக்க உட்கார ஓர் இடம் வேண்டும். அதற்குப் பெயர்தான் பொது நூலகம்.

அது யாரும் போடும் பிச்சை இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் இங்கேதான் வந்தது. அதன்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். ரூபாய்க்கு 10 காசு. ஊர்த்தெரு வீடும் கட்டுகிறது, காலனி வீடும் கட்டுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் கிளை நூலகத்துக்குப் போங்கள். காலனிப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது கூட்டிப்போய் உறுப்பினராக்குங்கள். அம்பேத்கர், பெரியார், அயோத்திதாசர் நூல்கள் அடுக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள். கிண்டில் பையிலேயே இருக்கட்டும். அங்கே அட்டை தெரியும்படி விரித்துவைத்துப் படியுங்கள்.

யாராவது "எந்தத் தெரு?" என்று கேட்டால், வரி கட்டிய ரசீதைக் காட்டுங்கள்.