தண்டவாளத்தின் ஓரமாகப் போங்கள்



நாளை விடியச் சைக்கிள் எடுக்கப் போகிற என் பிள்ளைகளே, வவுனியாவில் தொடங்கி ஆனையிறவு வரைக்கும் புகையிரதப் பாதையை ஒட்டிச் சைக்கிளில் போகப் போகிறீர்கள் என்று இந்தக் கூட்டத்தின் தலைவர் சொன்னார். ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கிப் பார்க்கப் போகிறீர்கள் என்றும் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெரிய நகரங்களில் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. லண்டனில் நிலத்துக்குக் கீழே றெயில் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அதைப் பிடித்துக்கொண்டு மேலே தெருத் தெருவாகச் சைக்கிளில் போய் நகரத்தைப் படிக்கிறார்கள். அங்கே 11 பாதை, 272 நிலையம். எங்களுக்கு ஒரே ஒரு பாதை. தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, அறிவியல்நகர், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு. இந்தப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இதிலே ஒரு ஊருக்காவது இடம்பெயர்ந்து போகாதவர் இந்த மண்டபத்தில் இருக்கிறாரா? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். ஒரு கையும் இல்லை!

ஏறத்தாழ 90 கிலோமீற்றர். இரண்டு கூடலாம், மூன்று குறையலாம், அதற்கு யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். ஒரு கதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மிதியுங்கள். 1905 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் இந்தப் பாதை முழுதாகத் திறந்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. இரண்டுமே நல்ல காரியம். ஆனால் இந்தப் பாதையைப் போட்டவர்களுக்கு வன்னி என்பது நடுவிலே குறுக்கே கிடந்த காடு. கொழும்பும் யாழ்ப்பாணமும் கை கோர்க்க வேண்டும், நடுவிலே மலேரியாக் காட்டை வெட்டித் தண்டவாளம் போட வேண்டும். எங்களைக் கடந்து போவதற்குப் போட்ட பாதை இது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் எங்களைக் கடந்துதான் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகளே, அதன் ஓரமாக நீங்கள் மெல்லப் போங்கள்.

மெல்லப் போவதென்றால் சிலருக்குப் பிடிக்காது. கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனத்தில், கண்ணாடியை இறக்காமல், ஏ9 வீதியால் வருகிறார்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஐந்து நிமிடம் இறங்குகிறார்கள். கச்சான் ஒரு பை வாங்குகிறார்கள். பிறகு கொழும்பில் போய் வன்னி மக்களின் தேவை இதுதான் என்று ஒரு மணித்தியாலம் பேசுகிறார்கள்! கனகராயன் ஆறு எங்கே இரணைமடுவுக்குள் விழுகிறது என்று கேட்டால் தெரியாது. இரணைமடுக் கட்டில் நின்று பார்த்தால் எந்தப் பக்கம் வயல், எந்தப் பக்கம் காடு என்று தெரியாது. பெயர் சொல்லச் சொல்கிறீர்களா? சொல்ல மாட்டேன். நீங்கள் சிரிக்கிற சிரிப்பிலேயே யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றதே, அப்போது அதே ஆட்கள் நல்ல சைக்கிள் ஒன்று எங்கே எடுக்கலாம் என்று விசாரித்துத் திரிந்தார்கள். எங்கள் சனம் யாரையும் விசாரிக்கவில்லை. தாழ்வாரத்தில் நின்ற சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனது. ஏனென்றால் எங்களுக்கு அது புதிதில்லை.

எப்படிப் புதிதில்லை என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தலைவர் நேரம் பார்க்கிறார், பார்க்கட்டும்.

போர் மூண்டு 1990 யூன் மாதத்தோடு றெயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கருக்குக் கூரையாகப் போயின. இரும்பு போன பிறகு மிஞ்சியது ஒரு மண்மேடு. அந்த மண்மேட்டிலே நாங்கள் சைக்கிள் ஓடினோம்! நீங்கள் நாளைக்கு அதன் ஓரத்தால் போவீர்கள், நாங்கள் அதன் மேலாலேயே போனவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் கொம்படி, ஊரியான் என்று சேற்றுக்குள்ளும் தண்ணிக்குள்ளும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிறகு கிளாலிக் கடலில் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்து இந்த வன்னிப் பாதையால் வவுனியா வரை மிதித்து, கரியரிலே சாமான் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். லொறி செய்கிற வேலையைச் சைக்கிள் செய்தது. பற்றறி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைப் பூட்டி பிபிசி தமிழோசை கேட்டோம். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

அந்தக் காலத்தில் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற றோட்டிலே, ஒரு மரத்தடியில் ஒரு மனிதர் இருந்தார். பெயரை இந்த மேடையில் சொன்னால் என்னோடு கோபித்துக்கொள்வார். அவருக்கு ரயர் வராது, ரியூப் வராது, ஒட்டுகிற பசையும் வராது. வெடித்த ரயரை நைலோன் நூலால் தைப்பார். உள்ளே பழைய ரயர்த் துண்டு ஒன்றை வைத்து மூடுவார். பிறேக் கட்டை தேய்ந்தால் கைவிட்ட லொறி ரயரில் அளவெடுத்து வெட்டிப் போடுவார். ஒரு சைக்கிளுக்கு மூன்று சைக்கிளின் உடம்பு. பள்ளிக்கூடப் பிள்ளை வந்தால் காசு வாங்க மாட்டார். பகலில் இடம்பெயர்ந்து வந்த சனத்தின் சைக்கிள், இரவில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் மற்றச் சைக்கிள். வன்னியின் போக்குவரத்துத் துறை என்று அன்றைக்கு ஒன்று இருந்திருந்தால், அதன் தலைமை அலுவலகம் அந்த மரத்தடிதான்! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவர் உயிரோடுதான் இருக்கிறார், யாராவது போய்ச் சொல்லுவீர்கள்.

இறுதிப் போரின்போது, 2008 முடிவிலும் 2009 தொடக்கத்திலும் சனம் முழுக்கப் பரந்தன் முல்லைத்தீவு வீதியால் நகர்ந்தது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, ஹாண்டிலில் கேத்தில். அந்த மனிதரும் போனார். ஆயுதப் பெட்டி என்று நாங்கள் பகிடியாகச் சொல்கிற அவருடைய சாவிப் பெட்டியும் போனது. போகிற போக்கில், றோட்டோரத்தில் குந்தியிருந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்துக்கொண்டு போனார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் சைக்கிள்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. அதற்கு மேல் இதைப் பற்றி இந்த மேடையில் நான் பேசப் போவதில்லை. முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்திலுள்ள வட்டுவாகல் பாலத்தால் போகிற பிள்ளைகள் அங்கே ஒருமுறை இறங்கி நில்லுங்கள்.

சரி. றெயில் திரும்பி வந்த கதைக்கு வருகிறேன். இந்தியக் கடனில் பாதையைப் புதிதாகப் போட்டார்கள். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு வந்தது. 2014 மார்ச்சில் பளை, அதே வருடம் ஒக்ரோபரில் யாழ்ப்பாணம். கிளிநொச்சி நிலையத்தில் அன்றைக்கு நின்ற சனத்தைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். நானும் அழுதவன்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. இது மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடிய பாதை. கொங்கிரீட் சிலிப்பர், ஒட்டிப் பொருத்திய தண்டவாளம். முந்திய றெயில் மூட்டு மூட்டாகத் தடதடத்து, தூரத்திலேயே தன் வரவைச் சொல்லும். இது கிட்ட வந்த பிறகுதான் தெரியும். வீடு ஒரு பக்கம், வயல் மற்றப் பக்கம். பள்ளிக்கூடம் ஒரு பக்கம், பிள்ளை மற்றப் பக்கம். கடவைகளோ பல இடங்களில் படலை இல்லாமல். எத்தனை உயிர் போய்விட்டது! மாடு போனது, மோட்டார் சைக்கிள் போனது, வாகனத்தோடு மனிதர்கள் போனார்கள்.

அந்தக் கடவைகளில் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டு, ஆளை நிறுத்தினார்கள். அவருக்குப் பல வருடமாக நாளுக்கு 250 ரூபாதான் கொடுத்தார்கள். மாதம் முழுக்க ஒரு நாளும் விடாமல் நின்றால் 7500 ரூபா! உயிரைக் காக்கிறவருக்கு இது சம்பளமா? நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டுத் தெருவில் இருந்தார்கள். ஒரு திணைக்களம் மற்றத் திணைக்களத்தைக் கை காட்டியது. இதை நான் ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறேன். வேறு பேச்சே இல்லையா என்று சிலர் கேட்கிறார்களாம். இல்லை, வேறு பேச்சு இல்லை. இது தீரும்வரை இதுதான் பேச்சு.

கடவையோடு இன்னொன்றும் கேட்கிறேன். நெதர்லாந்தில் உத்ரெக்ற் என்று ஒரு நகரம். அங்கே நிலையத்துக்குக் கீழே 12,500 சைக்கிள் விடலாம், 2019 இல் கட்டி முடித்தார்கள். கொப்பன்ஹேகன் நகர றெயிலில் சைக்கிளை ஏற்றிப் போகக் காசில்லை. நான் 12,500 கேட்கவில்லை. புளியங்குளத்திலும் மாங்குளத்திலும் ஐம்பது சைக்கிள் வெயில் மழை படாமல் நிற்க ஒரு கூரை கேட்கிறேன். நெடுங்கேணியிலிருந்து சைக்கிளில் வந்து றெயில் ஏறுகிற பிள்ளை, திரும்பி வரும்போது சீற்றில் கை வைக்க முடிகிறதா? சுட்டுக் கொதிக்கிறது!

முல்லைத்தீவுப் பிள்ளைகள் பின்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களை மறக்கவில்லை. ஒரு அடித் தண்டவாளமும் இல்லாத மாவட்டத் தலைநகர் உங்களுடையது. மாங்குளத்தில் இறங்கி இன்னும் ஐம்பது கிலோமீற்றர். ஆகையால் நாளைக்குப் போகிறவர்கள் நிலையத்தோடு நிற்காதீர்கள். மாங்குளத்தில் ஒரு அணி கிழக்கே திரும்பட்டும். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடுங்கள். கற்சிலைமடுவில் பண்டாரவன்னியனின் நினைவிடத்தைப் பாருங்கள். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன், ஒக்ரோபர் கடைசியில் அந்த மண்ணில் தோற்கடிக்கப்பட்டவன். பிறகு முள்ளியவளை, வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலுக்குக் கண்ணகி அம்மனிடம் சனம் சைக்கிளில் போன பாதை அது. றெயில் போகாத ஊரைக் காணாமல் றெயில் பாதையைக் கண்டோம் என்று எழுதாதீர்கள்.

முன்வரிசையில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்களை அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் பழகினார்கள். பேசினவர்கள் பேசினார்கள், அவர்கள் ஏறி ஓடினார்கள். எங்கள் பெண்களோ அதே காலத்தில் தலைக்கு மேல் விமானம் பறக்கப் பறக்கப் பிள்ளையைப் பாரில் வைத்து ஓடினவர்கள். நாளைப் பயணத்துக்கு அவர்களின் பிள்ளைகளைத் தடுப்பது என்ன நியாயம்?

தலைவர் துண்டு அனுப்பிவிட்டார். முடிக்கிறேன். ஆளுக்கொரு கொப்பி கொண்டு போங்கள். ஒவ்வொரு கடவையிலும் நில்லுங்கள். பக்கத்துக் கிலோமீற்றர்க் கல்லின் இலக்கம், படலை உண்டா, மணி உண்டா, விளக்கு உண்டா, ஆள் உண்டா, ஆளுக்குக் குந்தக் கதிரை உண்டா, காலையில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் கடக்கிறார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் வந்ததும் மூன்று மாவட்டச் செயலகத்துக்கும் நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், பதில் வரும்வரை வாசலில் இருக்கிறோம். மாங்குளத்துக்காரர் பம்பும் சாவியும் வைத்துக்கொண்டு காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், அவருக்குக் காசு கொடுத்து அவமதிக்காதீர்கள். கடவையில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டு கடந்து போங்கள். காற்றையும் பிறேக்கையும் இரவே பாருங்கள். விடிய ஐந்தரைக்கு வவுனியா நிலைய வாசலில் நானும் என் சைக்கிளோடு நிற்பேன்.