புது டயர் வாங்கும் முன் பழைய டயரைப் படியுங்கள்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. டயர் கடை வைத்திருப்பவனும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். டயரைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, எதையும் கணக்காகப் பார்க்கும் பழக்கம்தான். டயரும் ஒரு கணக்குப் புத்தகம். காற்று சரியாக இருந்ததா, சக்கரம் நேராக ஓடியதா, ஷாக் அப்சார்பர் வேலை செய்ததா என்று எல்லாவற்றையும் அது தன் ரப்பரில் எழுதி வைத்திருக்கும். நாம்தான் புரட்டிப் பார்ப்பதில்லை.

நம் வளாகத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி, "சார், எந்தக் கம்பெனி டயர் அதிக நாள் உழைக்கும்?" என்பது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

சென்ற கோடையில் பக்கத்து பிளாக் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் காரில் கிளம்ப இருந்தார். 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். வெளியே நின்று பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, முன் சக்கரத்தின் உள் ஓரத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே ரப்பர் தீர்ந்து உள்ளே இருக்கும் இழை தெரிந்தது. அந்த டயர் போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை. நல்ல கம்பெனி, நல்ல விலை. அதற்கு முன்பிருந்த டயரும் அப்படித்தான் உள் ஓரம் தேய்ந்து போயிருக்கிறது. காரணத்தைத் தேடாமல் டயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். பிறகு பார்த்தால், லோயர் ஆர்ம் புஷ் போயிருந்தது. சில ஆயிரம் ரூபாய் வேலை. நெடுஞ்சாலையில் வெயிலில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயர் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருந்தால், காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் போடாதீர்கள். எவ்வளவு உசத்தியான டயரானாலும் பழைய டயர் போன வழியிலேயே போகும்.

காரணத்தை எப்படித் தெரிந்துகொள்வது? தேய்ந்த இடமே சொல்லிவிடும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்று அதிகம். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அலைன்மென்ட்டில் கோளாறு, அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ தளர்ந்திருக்கிறது. டயரின் குறுக்கே கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை. மெக்கானிக் 'டோ' என்று சொல்வது இதைத்தான். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால், ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், வீல் பேலன்சிங் தவறியிருக்கலாம். தடவும்போது மட்டும் கவனம்; கம்பி வெளியே வந்திருந்தால் விரலைக் கிழித்துவிடும்.

முன் டயர்கள் பின் டயர்களைவிடச் சீக்கிரம் தேய்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது முன் சக்கரம் இழுக்கும் வண்டி. இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கைத் தாங்குவது எல்லாம் முன் சக்கரங்களின் வேலை. அதனால்தான் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றச் சொல்கிறார்கள். இந்த வகை வண்டிகளில் பொதுவான முறை, முன் டயர்கள் அதே பக்கம் பின்னுக்கும், பின் டயர்கள் பக்கம் மாறி முன்னுக்கும் போவது. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது. ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால் அதை இந்தச் சுற்றில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது காற்று. டயரின் ஆயுளில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பேன். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைந்து, லக்கேஜும் இருந்தால் எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அதிகபட்ச அளவு; அதுவரை அடிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த டயரில் சூட்டினால் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை காற்று குறைந்த டயரோடு கிளம்புவீர்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் நசுங்கி நிமிர்ந்து சூடேறும். கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். அடிக்கலாம், தவறில்லை. ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் அடித்தாலும் மாதம் ஒரு முறை கேஜ் வைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அலைன்மென்ட் கடைக்குப் போனால் ஒரு பிரிண்ட் அவுட் கேட்டு வாங்குங்கள். வங்கி ஸ்டேட்மென்ட் மாதிரிதான்: சரி செய்வதற்கு முன் இருந்த அளவு, பின் இருக்கும் அளவு, கம்பெனி அனுமதிக்கும் வரம்பு மூன்றும் அதில் இருக்கும். "சரி பண்ணியாச்சு சார்" என்ற வாய்வார்த்தை ரசீது ஆகாது. அலைன்மென்ட் செய்வதற்கு முன் சஸ்பென்ஷனில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ ஆடிக்கொண்டிருந்தால், இன்று நேராக்கிய சக்கரம் அடுத்த பள்ளத்திலேயே விலகிவிடும். நம் சாலைகளில் பள்ளத்துக்குப் பஞ்சம் இல்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். எந்த டயர் அதிக நாள் உழைக்கும்?

முதலில் நீங்கள் வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஒரு டயர் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 20,000 ஓட்டுபவருக்கு அது இரண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். என்னைப் போல் கோயில், மார்க்கெட், டாக்டர் என்று வருஷத்துக்கு 5,000 ஓட்டுபவருக்குத் தீர எட்டு வருஷம் ஆகும். அதற்குள் ரப்பருக்கே வயதாகிவிடும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகும், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விடும். பல டயர் நிறுவனங்கள் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் நிபுணரிடம் காட்டச் சொல்கின்றன. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. சில கார் நிறுவனங்கள் ஆறு வருஷம் என்றே சொல்கின்றன. ஆகவே குறைவாக ஓட்டும் நம்மைப் போன்றவர்கள் 'அதிக கிலோமீட்டர் ஓடும்' என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் பணம் தருவதில் பொருள் இல்லை. மழையில் நன்றாகப் பிடிக்கும் டயர், புதிதாகச் செய்த டயர், இந்த இரண்டையும் பாருங்கள்.

செய்த தேதி டயரிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கம் தெரியாவிட்டால் மறுபக்கம் இருக்கும். தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள்.

அதிகம் ஓட்டும் இளைஞர்கள், வேகத்துக்கும் வளைவுக்கும் உகந்த பெர்ஃபார்மன்ஸ் டயர் வேண்டும் என்று கேட்கிறார்கள். ரப்பரில் எல்லாமே ஒரு பேரம்தான். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் நாள்படும், ஆனால் ஈரத்தில் பிடிப்பு குறையலாம். இரண்டையும் ஓரளவு தரும் நல்ல கலவைகள் வந்துவிட்டன. விலையும் அதற்கேற்ப இருக்கும். சில டயர்களில் 'ட்ரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். இது அமெரிக்காவில் வந்த முறை. டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஏஞ்சலோ ஊரை ஒட்டிய சாலைகளில் 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, 100 என்று வைத்த அடிப்படையோடு ஒப்பிடுவார்கள். 400 என்றால் அந்தச் சோதனையில் நான்கு மடங்கு உழைக்கும் என்று பொருள். எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே என்பதால், ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட இது உதவும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது. பக்கத்தில் 'டிராக்ஷன்' என்று ஏஏ, ஏ, பி, சி என ஓர் எழுத்து இருக்கும். அது ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பதற்கான தரம். அதையும் சேர்த்தே பாருங்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 195/65 ஆர்15 91எச் என்றால், அகலம் 195 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவீதம், ரேடியல் டயர், 15 அங்குல ரிம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும்; எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. அலாய் வீல் மாற்றிப் பெரிய அளவு போடுபவர்கள், இந்த எடை எண்ணும் வேக எழுத்தும் கம்பெனி சொன்னதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் பார்க்க அழகுதான். ஆனால் பள்ளத்தில் விழுந்தால் ரிம் வளையும், டயரின் பக்கவாட்டில் கட்டி போலப் புடைக்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

என் தொழில் பழக்கத்துக்கு ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மட்டும். 5,000 ரூபாய் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை பைசா. 7,500 ரூபாய் டயர் 50,000 ஓடினால், 15 பைசா. வித்தியாசம் இரண்டரை பைசா. நல்ல பிடிப்புக்காக அதைத் தரலாம். ஆனால் அதே 7,500 ரூபாய் டயர் அலைன்மென்ட் கெட்டு 20,000இல் தீர்ந்தால், முப்பத்தேழரை பைசா. எந்தக் கம்பெனி என்று யோசிப்பதில் மிச்சமாகும் காசைவிட, காற்றையும் அலைன்மென்ட்டையும் கவனிப்பதில் மிச்சமாகும் காசு அதிகம்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் அப்படித்தான். மழையில் முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வழி இருக்கிறது. பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

கடைசியாக, எப்போது மாற்றுவது? புது டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் தெரியும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால், மிச்சம் இருப்பது 1.6 மி.மீ. அதுதான் கடைசி எல்லை. ஆனால் அந்தப் பள்ளங்கள் இருப்பதே தண்ணீரை வெளியே தள்ளத்தான். ஆழம் குறையக் குறைய, தேங்கிய நீரில் டயர் ரோட்டைத் தொடாமல் மிதக்கும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பேச்சைக் கேட்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்கள் 3 மி.மீ. வந்தவுடனே மாற்றிவிடுவது நல்லது.

நம் சங்கத்தின் சார்பில் ஒரு டிஜிட்டல் பிரஷர் கேஜும், பள்ளத்தின் ஆழம் அளக்கும் சின்னக் கேஜும் வாங்கி செக்யூரிட்டி அறையில் வைக்கலாம் என்று கூட்டத்தில் கோரிக்கை வைத்தேன், கமிட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போய், வேலை முடிந்ததும் திருப்பி வையுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்டீயரிங்கைத் திருப்பி, முன் டயர்களின் உள் ஓரத்தை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை.