பிள்ளைகளின் கண்ணும் கோடை வெயிலும்



கோடை தொடங்கியதும் மக்தபில் ஓதும் சிறுவர் சிலர் ஓயாது கண்களைக் கசக்குவதைக் காண்கிறேன். கண் சிவந்து, அரித்து, நூல்போல் பீளை வந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமையே. வெப்பமும் தூசியும் அதனைத் தூண்டும். 5 முதல் 15 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளையே இது மிகுதியும் பற்றும்.

பெற்றோர் சிலர் மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விடுகின்றனர். ஓரிரு நாளில் அரிப்பு அடங்கிவிடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. அம்மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்துள்ளது. மருத்துவரின் மேற்பார்வையின்றி வாரக்கணக்கில் விட்டுவந்தால் கண்ணின் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடக்கூடும். கிளாக்கோமா எனப்படும் அந்நோயில் பெரும்பாலும் வலி இராது; இழந்த பார்வையோ மீளாது.

ஆகவே, குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியைக் கண்மேல் ஒற்றியெடுங்கள். கசக்க விடாதீர்கள்; தொடர்ந்து கசக்கினால் கருவிழியின் வடிவமே மாறக்கூடும். வெயிலில் செல்கையில் விளிம்புள்ள தொப்பியும், புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடியும் அணிவியுங்கள். கண் மருத்துவர் எழுதித் தந்த மருந்தை மட்டும், அவர் சொன்ன நாள்வரை விடுங்கள். சென்ற ஆண்டின் புட்டியை இன்றே எறிந்துவிடுங்கள்.

பிள்ளைகளின் பார்வை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், அதனைப் பேணுவோமாக!