சோழர் குலத்தார் பூண்டனவும் பூட்டினவும்



அரசர் என்றவுடன் மணிமுடியும் பட்டாடையும் பொற்கலனுமே நினைவிற்கு வருதல் இயல்பு. சோழர் பெருங்குலத்தார் எவ்வாறு உடுத்தனர், எவற்றைப் பூண்டனர் என்று ஆராய்வார்க்கு அவர்தம் அரண்மனைகள் விடை கூறமாட்டா. அவை மண்ணோடு மண்ணாயின. விடை கூறுவன திருக்கோயில்களே.

தஞ்சை இராசராசேச்சரத்தில் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், பிற்கால ஓவியப் பூச்சின்கீழ் மறைந்திருந்த சோழர்கால ஓவியங்கள் 1931-ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றில், தில்லைக் கூத்தப்பெருமான் திருமுன் அரசனும் தேவிமாரும் தொழுது நிற்கின்றனர். தேவிமார் இடையில் மெல்லிய துகில். கூந்தலில் அழகிய கொண்டை. செவியிலும் கழுத்திலும் கையிலும் அணிகள். இராசராசன் என்று அறிஞர் கருதும் உருவமோ, கருவூர்த்தேவர் எனப்படும் முதியவர் பின்னே நிற்கின்றது. அதன் தலையில் மகுடம் இல்லை. முடிந்த குடுமியே உண்டு. குருவின் பின் நிற்பானுக்கு மகுடம் எதற்கு?

இனி, கல்வெட்டுக்களைக் காண்க. அரசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார், அக்கோயிலில் உமாபரமேசுவரியின் செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்து அணிகலன்கள் வழங்கினார். தம் தந்தை தாயர் திருவுருவங்களையும் அங்கே அமைத்தார். தோடு, வாளி, காறை, வளையல், மோதிரம், பட்டிகை, ஒற்றை வடமாகிய ஏகாவல்லி என அக்கோயிற் கல்வெட்டுக்களில் அணிகளின் பெயர்கள் நிரல்படக் காணப்படும். அரச மாதர் தாம் பூண்டனவும் இத்தகையனவே எனக் கொள்ளுதல் பொருந்தும். ஆயினும் அவர் பூண்டவற்றிற்குக் கணக்கு எழுதப்படவில்லை. இறைவிக்குப் பூட்டியவற்றிற்கே எழுதப்பட்டது.

அக்கணக்கின் நேர்மை வியக்கத்தக்கது. பொன்னை நிறுக்கும் கல்லுக்கு 'ஆடவல்லான்' என்றும், மணிகளை நிறுக்கும் கல்லுக்கு 'தட்சிணமேரு விடங்கன்' என்றும் இறைவன் திருப்பெயர்களே இடப்பட்டன. கழஞ்சு ஒன்றுக்கு மஞ்சாடி இருபது. மஞ்சாடி ஒன்றுக்குக் குன்றி இரண்டு. இந்நுண்ணளவில் ஒவ்வோர் அணியும் நிறுக்கப்பெற்றது. முத்துக்களைக் கோத்த சரடும் பதித்த சட்டமும் நீக்கி எடை குறித்தனர். அரக்குச் சேர்ந்த இடத்தில் அதனையும் மறையாது எழுதினர். முத்துக்களுள் வட்டமானவை இவை, கரடானவை இவை என்று குறையையும் கல்லிற் பொறித்தனர். கொடுத்தவர் பேரரசராயினும், கொடை மிகைப்படச் சொல்லப்படவில்லை.

இராசராசன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், 1010-இல், 275-ஆம் நாளன்று திருவிமானத்து உச்சியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தான். செம்பு 3083 பலம். அதன்மேற் போர்த்த பொன் 2926½ கழஞ்சு. குருவின் பின் மகுடமின்றி நிற்கக் காட்டப்பெற்ற அரசன், இறைவன் கோயிலுக்குச் சூட்டிய பொன்முடி அது!

அன்பர்களே! அரசியர் பூண்ட அணிகள் இன்று இல்லை. அம்மைக்குப் பூட்டிய அவ்வணிகளும் இன்று இல்லை. எஞ்சியிருப்பது மெய்யான கணக்கு ஒன்றே. ஆயிரம் ஆண்டு கடந்தும் குந்தவையார் பெயர் வாழ்வது அதனால் அன்றோ? கும்பம் ஏற்றிக் கண்குளிரும் இந்நாளில், திருப்பணிக்கு ஈந்தவர் சிறுபொன் ஈந்தாராயினும், அதனை ஒரு குன்றியும் குறையாமல் காத்தலும் எழுதிவைத்தலும் திருப்பணியே ஆகும். பொன் போகும்; மெய் நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.